அக்கா விட்டுப்போன கையெழுத்து அட்டை

என் மேசை லாச்சியில் ஒரு பிளாஸ்டிக் அட்டை கிடக்கிறது. ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியிலிருந்து வெட்டியெடுத்தது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மூடியில் அச்சடித்திருந்த நீலப்பூவின் பாதி ஓர் ஓரத்தில் இன்னும் அழியாமல் இருக்கிறது. நடுவில் சவர பிளேட்டால் கீறியெடுத்த நீளமான துளை. இடது பக்க மேல் மூலையில் நகக்கண் அளவுக்கு ஒரு சிறு வெட்டு, எது மேல் எது கீழ் என்று விரலால் தடவி அறிந்துகொள்ள. கண் தெரியாத ஒரு பெண் கையெழுத்து வைப்பதற்காகத் தானே செய்துகொண்ட அட்டை இது. கையெழுத்து விழவேண்டிய இடத்தில் இதை வைத்துக் கொடுத்தால் போதும். துளைக்குள் பேனையை இறக்கித் தன் பாட்டில் எழுதுவார், எழுத்து மேலே ஏறாது, கீழே இறங்காது. நான் ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்தபோது வங்கியிலிருந்து கொண்டுவந்த பொருட்களில் எனக்குச் சொந்தமில்லாதது இது ஒன்றுதான். அதற்குப் பிறகு வீடு மாறினேன், அலுமாரி மாற்றினேன், எத்தனையோ கடதாசிகளைக் கிழித்தெறிந்தேன். இதை எறியவும் முடியவில்லை, கண்ணில் படும்படி வைக்கவும் முடியவில்லை. ஊசியோ முத்திரையோ தேடி லாச்சிக்குள் கையை விடும்போது விரலில் அந்த வெட்டு தட்டுப்படும். அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடாது.

வெள்ளவத்தையில் ஓர் அரச வங்கிக் கிளையில் நான் கடன் உத்தியோகத்தராக இருந்தேன். அரசாங்க வேலை செய்பவர் யாராவது கடனுக்கு விண்ணப்பித்தால், அவர் சொல்லும் சம்பளம் சரிதானா என்று அவருடைய திணைக்களத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்க வேண்டும். மருதானைப் பக்கம் இருந்த ஒரு திணைக்களத்துக்கு எடுத்தால் எப்போதும் ஒரே குரல்தான் வரும். மூன்று மொழியிலும் வணக்கம் சொல்லி, யாரோடு கதைக்க வேண்டும் என்று கேட்கும் நிதானமான, இலேசாகக் கரகரத்த குரல். நாலைந்து தடவைக்குப் பிறகு நான் பெயர் சொல்லத் தேவை இருக்கவில்லை. ஹலோ என்றதும் "வெள்ளவத்தை மிஸ்" என்று தானே சொல்லிவிட்டுக் கணக்குப் பகுதிக்கு இணைத்துவிடுவார். சில நாள் இணைக்கும் முன் ஒரு வசனம் கூடுதலாக வரும். உங்களுக்குத் தடிமன், கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள் என்பார். உங்கள் பக்கம் மழை தொடங்கிவிட்டது, இங்கே இன்னும் இல்லை என்பார். என் யன்னலுக்கு வெளியே பெய்த மழையை அவர் மருதானையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். திணைக்களத்தில் எல்லோருக்கும் அவர் ஒப்பரேட்டர் அக்கா. நானும் அக்கா என்றே சொல்லிப் பழகினேன். ஆறேழு வருடம் இப்படிப் போனது. அவருக்குக் கண் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. தொலைபேசியில் அதைத் தெரிந்துகொள்ள வழியும் இல்லை, தேவையும் இருக்கவில்லை.

ஒருநாள் காலை வெள்ளைப் பிரம்போடு ஒருவர் தனியாகக் கிளைக்குள் வந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். பருத்திச் சேலை, இறுக்கிப் பின்னிய தலைமயிர், தோளில் குறுக்கே மாட்டிய பை. வாசலில் நின்ற காவலாளி ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்தார். அவர் சிரித்துக்கொண்டே கையை விடுவித்து, காவலாளியின் முழங்கைக்கு மேலே தான் பிடித்துக்கொண்டார். யாரைப் பார்க்க வேண்டும் என்று காவலாளி சிங்களத்தில் கேட்ட நேரம் நான் என் மேசையில் வேறொருவரிடம் ஏதோ விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைத் திருப்பி, "அன்ன, அர கதா கரன மிஸ்" என்றார், அதோ கதைக்கிற அந்த மிஸ் என்று. பிரம்பு சரியாக என்னை நோக்கி நீண்டது. அந்தக் குரலைக் கேட்டதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

அவர் வந்தது வீட்டுக் கடனுக்கு. கொட்டாஞ்சேனையில், தான் பிறந்ததிலிருந்து வாடகைக்கு இருந்த வீட்டை வாங்க வேண்டும் என்றார். வீட்டுச் சொந்தக்காரர் கிராண்ட்பாஸில் கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார். மகளுக்குக் கலியாணம் நிச்சயமானதால் வீட்டை விற்க வேண்டிய நிலை. வெளியாருக்குக் கொடுக்க முதல் அக்காவைத்தான் கேட்டிருந்தார், வங்கிக் கடன் வரும் வரைக்கும் பொறுப்பதாகவும் சொல்லியிருந்தார். அக்காவுக்கு நிரந்தர வேலை. சம்பளத்திலிருந்து மாதாமாதம் நேரே வெட்டிக்கொள்ளலாம். கையில் சேமிப்பும் இருந்தது. கண் தெரிந்த ஒருவர் இதே கடதாசிகளோடு வந்திருந்தால் முகாமையாளர் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்திருப்பார். விண்ணப்பத்தில் ஐந்து இடத்தில் கையெழுத்து வேண்டும் என்றேன். அக்கா பையிலிருந்து இந்த அட்டையை எடுத்துத் தந்து, கோட்டின் மேல் வைத்துப் பிடிக்கும்படி சொன்னார். நான் பிடித்தேன். தமிழில், சாய்வில்லாமல், ஐந்து தடவையும் அச்சடித்த மாதிரி ஒரே கையெழுத்து. என்னுடையது ஒருநாளும் அப்படி விழுந்ததில்லை.

அன்று பின்னேரம் தொலைபேசி வந்தது. கடதாசிகளோடு கடதாசியாக அட்டையும் விண்ணப்பக் கோவைக்குள் போய்விட்டிருந்தது. அனுப்பிவிடட்டுமா என்று கேட்டேன். "பரவாயில்லை மிஸ், அங்கயே இருக்கட்டும். கடன் கிடைக்கேக்க திரும்பக் கையெழுத்து வைக்க வேணும்தானே," என்றார். பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். அந்த ஒரு வாக்கை மட்டும் நான் காப்பாற்றியிருக்கிறேன்.

வாங்கப்போகும் வீட்டை நேரில் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. கொட்டாஞ்சேனையில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய ஒழுங்கை, அதன் முடிவில் இரண்டு அறையும் ஒரு குசினியும் கொண்ட வீடு. தாய் தகப்பன் இரண்டு பேரும் அந்த வீட்டில்தான் காலமானார்கள். ஒரே தம்பி கலியாணம் கட்டிக் களுபோவிலைக்குப் போய்விட்டார். அக்கா தனியாகவே இருந்தார். நான் உள்ளே காலை வைத்தபோது ஒரே இருட்டு. அவர் விறுவிறென்று நடந்துபோய், "உங்களுக்கு வெளிச்சம் வேணும்தானே, நான் மறந்துபோயிட்டன்" என்று சொல்லிக்கொண்டே விளக்கைப் போட்டார். பிறகு தேநீர் போட்டார். தண்ணீர் கொதிக்கும் சத்தம் மாறுவதைக் கேட்டு அடுப்பை அணைத்தார், கோப்பையில் நிறையும் சத்தத்தைக் கேட்டு ஊற்றுவதை நிறுத்தினார், ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. பேக்கரியில் பாண் போடும் மணம் வந்தால் எழும்புவாராம். கோயில் மணி அடித்தால் வெளிக்கிடுவாராம். ஒழுங்கை வாசலில் எந்த இடத்தில் சாக்கடைக் கான்மூடி ஆடும், எந்த வீட்டு நாய் எழும்பாமல் கிடக்கும் என்பதெல்லாம் அவருக்குக் காலில் இருந்தது. அளவு எடுத்து முடித்து நான் வெளிக்கிடும்போது கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இந்த வீட்டுக்குள்ள நான் எல்லாரையும் போல ஒரு ஆள், மிஸ். இந்தக் கதவைத் தாண்டினாத்தான் குருடி." அழாமல், சிரிக்காமல், விலாசம் சொல்வது மாதிரிச் சொன்னார். அன்றைக்கு நான் எழுதிய சிபாரிசு என் வேலைக்காலத்திலேயே நான் எழுதியவற்றில் நல்லது என்று நினைக்கிறேன்.

மூன்று கிழமையில் தலைமையகத்திலிருந்து பதில் வந்தது. கடன் ஒப்பந்தத்தைத் தானே வாசிக்க முடியாத ஒருவர், வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன் என்று பிற்காலத்தில் மறுத்துவிடலாம். ஆகவே கண் தெரிந்த ஒருவர் கூட்டாகக் கடனாளியாக வந்தால் மட்டும் யோசிக்கலாம், இல்லாவிட்டால் நிராகரிக்கவும். அக்காவின் தம்பி ஏற்கெனவே தன் வீட்டுக்காகப் பட்ட கடனில் இருந்தார், அவரைச் சேர்க்க வழியில்லை. வேறு ஆளும் இல்லை. முகாமையாளர் நல்ல மனிதர். பிழை வந்துவிடுமோ என்ற பயத்திலேயே எல்லாப் பிழையையும் செய்கிற ரகம். கோவையில் நிராகரிக்கப்பட்டது என்று எழுதித் திகதி போட்டார், நானும் கீழே சிறிய கையெழுத்து வைத்தேன். அக்காவுக்குக் கடிதம் தயாரிக்கட்டுமா என்று கேட்டேன். "லியுமக் எபா மிஸ். கோல் எகக் தீலா கியன்ன," என்றார். கடிதம் வேண்டாம், தொலைபேசியில் சொல்லிவிடுங்கள் என்று. எங்கள் கிளையில் அதுதான் வழக்கம். கடிதம் போட்டால் காரணம் எழுத வேண்டும். எழுதிய காரணம் நாளைக்கு யார் கையில் போய் நிற்கும் என்று தெரியாது.

நான் தொலைபேசி எடுத்தேன். எடுத்து, "பாப்பம் அக்கா, மேலிடத்துக்குப் போயிருக்கு. அடுத்த கிழமை எடுங்கோ" என்று சொன்னேன்.

இந்தப் பாப்பத்தை, பார்ப்போம் என்கிற சொல்லை, விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் ஆட்களுக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வராது. சம்பந்தம் பேச வருபவருக்கும், கோயில் திருவிழாவுக்குக் காசு சேர்க்க வருபவருக்கும், வாடகைக்கு அறை கேட்டு வருபவருக்கும் ஒரே பதில்தான். சொல்லும்போது கண் தாழும், தலை ஒரு பக்கம் சரியும், வாயோரம் ஒரு அரைச் சிரிப்பு வரும். கேட்டவர் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, சரி, வேறு இடம் தேடுவோம் என்று எழும்பிவிடுவார். யாருக்கும் மனம் நோகாது, மறுநாள் சந்தையில் கண்டால் சிரிக்கலாம். இல்லை என்பது சொல்லில் இருப்பதில்லை, முகத்தில்தான் இருக்கிறது. நானும் அன்றைக்குத் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் தாழ்த்தி, தலையைச் சரித்து, அரைச் சிரிப்பும் சிரித்திருப்பேன். பழக்கதோஷம். கண் தெரியாத ஒருவருக்கு, அதுவும் தொலைபேசியில், சொல் மட்டும்தான் போய்ச் சேரும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. முதல் நாள் உறைக்கவில்லை. இரண்டாவது கிழமை உறைத்தது. அதற்குப் பிறகும் சொல்லவில்லை என்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவருடைய மனம் நோகக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அந்தக் குரல் உடைவதைக் கேட்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை. நோகக்கூடாது என்று நான் பார்த்தது என் மனத்தை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா எடுப்பார். திணைக்களத்தில் அந்த நேரம்தான் இணைப்புகள் கொஞ்சம் ஓய்ந்திருக்கும். நச்சரிக்க மாட்டார், அழுத்திக் கேட்க மாட்டார். ஒன்றும் வரேல்லையோ மிஸ் என்பார். இன்னும் இல்லை அக்கா என்பேன். கோவை என் மேசையிலிருந்து இரண்டடி தூரத்தில், நிராகரிக்கப்பட்டவற்றின் அடுக்கில், அட்டையோடு கிடந்தது. ஒருமுறை ஹாஜியார் மீண்டும் கேட்டதாகச் சொன்னார். ஒருமுறை கூரையில் ஓடு மாற்ற வேண்டும், கடன் வந்தபிறகு செய்வோம் என்று விட்டிருக்கிறேன் என்றார். ஒன்பது திங்கட்கிழமை இப்படிப் போனது. பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தால் இன்றைக்கும் நான் உடனே எடுப்பதில்லை.

பத்தாவது திங்கட்கிழமை நான் உறவினர் கலியாணம் ஒன்றுக்காக லீவு. எனக்குப் பதிலாக இருந்த உத்தியோகத்தர் கிளைக்குப் புதியவர். அக்கா எடுத்ததும் கோவையை விரித்துப் பார்த்து, இது இரண்டு மாதத்துக்கு முன்னரே நிராகரிக்கப்பட்டது அம்மா, கண் தெரிந்த ஒருவர் சேர்ந்தால்தான் தருவோம் என்று போட்டிருக்கிறது என்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார். மறுநாள் அதை என்னிடம் சொன்னபோது அந்த மனிதர் மீது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாமே என்று கத்தினேன். அவர் பாவம், தான் செய்த பிழை என்னவென்று விளங்காமல் நின்றார். அவர் ஒரு பிழையும் செய்யவில்லை.

அதற்குப் பிறகு அக்கா எனக்கு எடுக்கவில்லை. இளம் பெண் சட்டத்தரணி ஒருவர் காசு வாங்காமல் அவருக்காக அடிப்படை உரிமை மனு ஒன்று போட்டார். வாசிக்க முடியாது என்ற ஒரே காரணத்துக்காகக் கடனை மறுப்பது பாகுபாடு என்பதுதான் வழக்கு. ஒப்பந்தத்தை வேறொருவர் வாசித்துக் காட்டலாம், பிரெயிலில் தரலாம், சாட்சி வைக்கலாம், இத்தனை வழி இருக்க இன்னொருவரைக் கடனாளியாக்கச் சொல்வது என்ன நியாயம் என்று கேட்டிருந்தார்கள். வழக்கு முடியும் மட்டும் வீட்டை விற்காமல் பொறுக்கிறேன் என்று ஹாஜியாரும் சொல்லிவிட்டார். ஆக அந்த வீடு முழுக்க இந்த வழக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. மனுவோடு போகும் சத்தியக் கடதாசியை அக்கா மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். அதில் 'பார்வையை இழந்தவர்' என்று இருந்த இடத்தில் நிறுத்தி, "இழந்த எண்டு போடாதேங்கோ. எனக்கு இருந்ததேயில்லை" என்று திருத்தச் சொன்னாராம். இதைச் சட்டத்தரணி பல வருடம் கழித்து எனக்குச் சொன்னார்.

என் சத்தியக் கடதாசியின் கதை வேறு. வங்கியின் சட்டப் பகுதியிலிருந்து ஒருவர் வந்தார். மாதம் இருபத்தைந்தாம் திகதி, சம்பள நாள். கவுண்டரில் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. ஆங்கிலத்தில் நாலு பக்கம், கையெழுத்து வைக்க வேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளடி போட்டிருந்தது. கையெழுத்தைப் பார்த்து உறுதிப்படுத்த வேண்டிய சமாதான நீதவானின் முத்திரை ஏற்கெனவே குத்தப்பட்டிருந்தது. என்ன இருக்கிறது என்று கேட்டேன். கோவையில் இருப்பதுதான் மிஸ், திகதிகள்தான் என்றார். முதல் பக்கத்தில் என் பெயரும் பதவியும் சரியாக இருந்தன. புள்ளடி போட்ட இடமெல்லாம் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டேன். வாசிக்காமல் கையெழுத்து வைத்துவிடுவார் என்று ஒருவருக்குக் கடன் மறுத்த வங்கியில், இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற நான் செய்த வேலை இது.

மனுவை விசாரணைக்கு எடுப்பதா என்று பார்க்கும் நாளில் கோவையைத் தூக்கிக்கொண்டு நானும் புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போக வேண்டி வந்தது. அக்கா பின்வரிசையில் தம்பி மனைவியின் பக்கத்தில் இருந்தார். வங்கியின் சட்டத்தரணி எழுந்து, பாகுபாடு பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. உரிமை மீறப்பட்டது தெரிந்து ஒரு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும், இந்த மனு காலம் கடந்தது என்றார். அதற்கு ஆதாரமாக என் சத்தியக் கடதாசியின் பதினோராவது பந்தியை வாசித்தார். கடன் நிராகரிக்கப்பட்ட அன்றைக்கே நான் மனுதாரருக்குத் தொலைபேசியில் அதை அறிவித்தேன் என்று இருந்தது. என் பெயரில், என் கையெழுத்தோடு, நான் சொல்லாததைச் சொன்னதாக. முன்னால் இருந்த சட்டப் பகுதிக்காரரின் தோளைத் தட்ட ஒரு கை தூரம்தான். தட்டி, இது பிழை, நான் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம். வேலை, ஓய்வூதியம், பொய்ச் சத்தியம் செய்தாய் என்று என்னைப் பிடிப்பார்களோ என்ற பயம், எல்லாம் ஒன்றாக வந்து வாயை அடைத்தது. மடியில் இருந்த கோவையின் கயிற்றை முடிவதும் அவிழ்ப்பதுமாக இருந்தேன். பத்தாவது திங்கட்கிழமைதான் தெரியவந்தது என்று அக்காவின் சட்டத்தரணி சொன்னதற்குக் காட்ட ஒரு கடதாசியும் இருக்கவில்லை. கால் மணித்தியாலத்தில் மனு தள்ளுபடியானது. வாசிக்க முடியாதவருக்குக் கடன் கொடுக்கலாமா கூடாதா என்று யாரும் பேசவே இல்லை.

வெளியே விறாந்தையில் நான் அவர்களைத் தாண்டிப் பேசாமல் போய்விடப் பார்த்தேன். அதற்குள் யாரோ வழி கேட்க, வாய் தவறிப் பதில் சொல்லிவிட்டேன். அக்காவின் முகம் திரும்பியது. முன்பு காவலாளியின் பிடியிலிருந்தே கையை விடுவித்தவர், அன்று தம்பி மனைவியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். "வெள்ளவத்தை மிஸ்," என்றார். ஓம் அக்கா என்றேன். பிறகு தொலைபேசியில் கதைக்கும் அதே நிதானத்தில் சொன்னார்:

"ஒவ்வொரு திங்களும் உங்கட குரல் கனத்திருந்தது. எனக்குக் கேட்டது. எனக்காக மேலிடத்தோட சண்டை பிடிக்கிறியள் எண்டு நினைச்சன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தன்னுடைய பிழையைச் சொல்வது போலச் சொன்னார். பிரம்பை விரித்துத் தட்டிக்கொண்டு போனார். இன்றைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று நினைத்து எடுத்துப்போன அட்டை என் கைப்பைக்குள் இருந்தது. எடுக்கக் கை வரவில்லை.

ஹாஜியார் இன்னும் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வீட்டை விற்றார். அக்கா களுபோவிலையில் தம்பி வீட்டுக்குப் போனார். அங்கே ஒழுங்கை புதிது, சந்தி புதிது, இரண்டு பஸ் மாறி மருதானைக்கு வர வேண்டும், கூட்டிவர ஆள் வேண்டும். வருட முடிவுக்குள் முன்கூட்டியே ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டார் என்று சம்பளம் உறுதிப்படுத்த எடுத்த ஒருநாள் தெரிந்துகொண்டேன். எடுத்தது வேறு குரல். நான் ஹலோ என்றேன், அந்தக் குரல் என் பெயரைக் கேட்டது. வேலை இருக்கிறதோ இல்லையோ, அதற்குப் பிறகும் சில நாள் அந்த இலக்கத்துக்கு எடுத்துவிட்டு வைத்துவிடுவேன். இப்போது எடுத்தால் பதிவுசெய்த குரல்தான் வருகிறது, தமிழுக்கு இரண்டை அழுத்தவும் என்று.

நான் வேலை செய்த கிளைக்கு இப்போது சக்கர நாற்காலி ஏறச் சறுக்குப்பாதை போட்டிருக்கிறார்கள். பணம் எடுக்கும் இயந்திரம் மூன்று மொழியில் கதைக்கிறது. எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்திருந்தேன். சில மாதத்துக்கு முன் ஒருநாள், அக்காவுக்காக மனுப் போட்ட அந்தச் சட்டத்தரணி எடுத்தார். இப்போது அவருக்கும் தலை நரைத்திருக்கும். கண் தெரியாத இளம் ஆசிரியர் ஒருவருக்கு அதே வங்கி கடன் மறுத்திருக்கிறது, கடிதம் இல்லை, வாயால் அறிவித்தோம் என்று சொல்கிறது. அந்த வங்கியில் இப்படித்தான் வழக்கம் என்று உள்ளே இருந்த ஒருவர் எழுதிக் கொடுத்தால் உதவியாக இருக்கும், அக்காவின் விசயத்தையும் சேர்த்து எழுத முடியுமா என்று கேட்டார். அக்கா எப்படி இருக்கிறார் என்று நான் கேட்டேன். சட்டத்தரணி, இரண்டு வருடமாகிறது, களுபோவிலை ஆஸ்பத்திரியில் போய்விட்டார், உங்களுக்குத் தெரியாதா என்றார். எனக்கு யார் சொல்வார்கள்? அன்று சமைக்கவில்லை. கடற்கரைப் பக்கம் போய், ரயில் போகும் சத்தம் ஓயும் வரைக்கும் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். பிறகு சட்டத்தரணிக்கு எடுத்து, கையெழுத்து வைத்துத் தருகிறேன், சத்தியக் கடதாசியைத் தமிழிலேயே தயாரித்து அனுப்புங்கள் என்றேன்.

எங்கள் அடுத்த ஒழுங்கையில் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் சமாதான நீதவானாக இருக்கிறார். சத்தியக் கடதாசியையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். முத்திரையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, எல்லாம் சரிதானே, வையுங்கோ பிள்ளை என்றார். கொஞ்சம் பொறுங்கோ சேர், வாசிச்சு முடிக்கேல்லை என்றேன். அட்டையைக் கடதாசியின் மேல் வைத்தேன். துளைக்குள் ஒரு வரி மட்டும்தான் தெரியும். வாய்விட்டு வாசித்து, வரி முடியும் வரைக்கும் நகர்த்தி, பிறகு அடுத்த வரிக்கு இறக்கினேன். இப்படி நாலு பக்கம். முடித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். அதிபர் முத்திரையைக் கீழே வைத்துவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் ஏதும் மங்கலோ என்று கேட்டார். இல்லை என்றேன்.

மூன்றாம் தரம் வாசிக்கும்போதுதான் பிடிபட்டது. 'வங்கியின் முடிவை அன்றைய மனுதாரருக்குத் தெரிவிக்க நான் தவறிவிட்டேன்' என்று இருந்தது. சட்டத்தரணி என்மேல் இரக்கப்பட்டு எழுதியிருப்பார். தவறவிடுவது பஸ்ஸை. ஒன்பது திங்கட்கிழமை ஒருவர் தவறுவதில்லை. அந்த வார்த்தையை வெட்டி, 'தெரிவிக்காமல் மறைத்தேன்' என்று மேலே எழுதினேன். இதை இப்படிப் போட்டால் உங்களுக்குத்தான் கரைச்சல் என்று அதிபர் சொன்னார். தெரியும் சேர் என்றேன். திருத்திய இடத்தில் அவரும் நானும் சிறிய கையெழுத்து வைத்தோம், பிறகு கடைசிப் பக்கத்தில் முழுக் கையெழுத்து வைத்தேன்.

முத்திரை குத்தி முடித்ததும் அவர் அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த மூலை வெட்டை விரலால் தடவினார். இதென்ன சாமான், யாரின்ர என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின்ர, திருப்பிக் குடுக்க வேணும் என்றேன். யோசிக்காமலே வந்துவிட்டது. எப்ப குடுக்கப் போறியள் என்று சும்மா கதைக்குக் கேட்டுக்கொண்டே அதை என் பக்கம் நீட்டினார். கண் தாழ்வதும் தலை ஒரு பக்கம் சரிவதும் எனக்கே தெரிந்தது. வாயில் அந்தப் பாப்பம் வந்து நின்றது. தலையை நிமிர்த்தி அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

"குடுக்கேலாது சேர்," என்றேன். "அவ செத்துப்போனா."